குமுளி ரோட்டில் மாடு வளர்க்க வருபவர்களுக்கு

உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு முன்னால் ரோட்டோரத்தில் எங்கள் தொழுவம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தால், போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே சரக்கு என்னவென்று சொல்லிவிடலாம். காய்கறி லோடு கடகடவென்று பறக்கும். மாட்டு லோடு மெதுவாகத்தான் போகும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது குளம்புகள் பலகையில் வழுக்குகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்கும்.

இந்த ரோட்டோரத்தில் இப்போது நிறையப் பேர் புதிதாக மாடும் ஆடும் வளர்க்க வருகிறார்கள். சென்னை, பெங்களூர் வேலையை விட்டு வந்தவர்கள், துபாயிலிருந்து திரும்பியவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள். எந்த மாடு எத்தனை லிட்டர் கறக்கும், தவிடு என்ன விலை, மானியம் உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். தொற்று நோயைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. தம்பி மகன் கேட்காமலேயே ஆறு வெள்ளாட்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லை எங்கே இருக்கிறது

மதுரை மாவட்டத்துக்கு மாநில எல்லை கிடையாது. 1996-ல் தேனி தனி மாவட்டமாகப் பிரியும் வரை குமுளி மலை எங்கள் மாவட்டம்தான். இப்போது எல்லை தேனிக்காரர்களுடையது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகள் இடுக்கிக்குள் போகின்றன.

"மாடெல்லாம் இங்கருந்து கேரளாவுக்குத்தான போகுது? நோய் போனா அங்க போகணும், இங்க எப்படிப் பெரியப்பா வரும்?" என்று தம்பி மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லைக்குப் போகிற லோடில் இருப்பதெல்லாம் ஒரே ஊர் மாடு இல்லை. நாலைந்து சந்தைகளில் ஒன்றிரண்டாகப் பிடித்துச் சேர்த்தவை. ஆந்திர மாடும் கர்நாடக மாடும் அதில் கலந்திருக்கும். வழியில் ஒரு தோப்பில் இறக்கி, தண்ணி காட்டி, ஒரு ராத்திரி கட்டிப்போட்டு மறுபடி ஏற்றுவார்கள். அந்தத் தோப்பின் வரப்போரம் நம் மாடு மேயும். விலை படியாத மாடும், பயணம் தாங்காமல் படுத்துவிட்ட மாடும் வழியிலேயே வந்த விலைக்குக் கைமாறும். அவற்றில் ஒன்று, "நல்ல மாடு, அவசரத்துக்குக் குடுக்கிறாங்க" என்ற பேச்சோடு உங்கள் வாசலுக்கும் வரும். காலியாகத் திரும்புகிற வண்டியும் ஒரு வழி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நோய்க்குக் கால் கிடையாது. மாட்டின் வாயில், கயிற்றில், வண்டிப் பலகையில், நம் செருப்பில் ஏறித்தான் வரும். ஆகவே நீங்கள் காவல் காக்க வேண்டிய சாவடி குமுளியில் இல்லை, உங்கள் தொழுவத்துப் படலில் இருக்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று நோய்கள்

பத்துப் பதினைந்து நோய்களின் பட்டியலைக் கொடுத்து உங்களைப் பயமுறுத்த விருப்பமில்லை. புதிதாக வருகிறவர் மூன்றை முகம் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்தால் போதும்.

முதலாவது கோமாரி. காணை என்றும் சொல்வார்கள். குளம்பு பிளந்த எல்லாவற்றுக்கும் வரும்: மாடு, எருமை, ஆடு, பன்றி. வைரஸ் உள்ளே போன 2 நாளிலிருந்து 14 நாளுக்குள் காய்ச்சல் அடிக்கும். பிறகு வாயிலும் நாக்கிலும் குளம்பின் இடுக்கிலும் கொப்பளம் கிளம்பி உடையும். வளர்ந்த மாடு பெரும்பாலும் சாகாது, அதனால்தான் பலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கறவை படுத்துவிடும். பால்குடிக் கன்றின் இதயத்தைத் தாக்கி, நின்ற நிலையில் சாய்த்துவிடும். இந்தியாவில் ஓ, ஏ, ஏசியா-1 என்று மூன்று வகை வைரஸ் சுற்றுகிறது. ஒரு வகை வந்து தேறிய மாட்டுக்கு இன்னொரு வகை வராது என்று சொல்ல முடியாது. ஆட்டுக்கு இது வந்தால் பல நேரம் வெளியே தெரியாது. ஒரு நாள் நொண்டும், மறுநாள் மேயும். அப்படிப்பட்ட ஆட்டை மாட்டுக்குப் பக்கத்தில் கட்டுகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

இரண்டாவது தோல் கழலை நோய். பெரியம்மை என்றும் சொல்வதுண்டு. இந்தியாவில் இது முதலில் தெரிந்தது 2019-ல் ஒடிசாவில். 2022-ல் ராஜஸ்தானையும் குஜராத்தையும் புரட்டிப்போட்டது. கழுத்து, முதுகு, மடி என்று உடம்பெல்லாம் புளியங்கொட்டை அளவுக்கும் அதைவிடப் பெரிதாகவும் முண்டு முண்டாகக் கிளம்பும். கடிக்கிற ஈ, கொசு, உண்ணி மூலம்தான் முக்கியமாகப் பரவுகிறது. எனவே மாட்டைத் தள்ளிக் கட்டினால் மட்டும் போதாது, ஈயையும் பார்க்க வேண்டும். இதன் உள்ளிருப்புக் காலம், அதாவது வைரஸ் உள்ளே போனதிலிருந்து நோய் வெளியே தெரிகிற வரை, 28 நாள் வரை போகலாம்.

மூன்றாவது ஆட்டுக்கொல்லி. பெயரே சொல்லிவிடுகிறது. கண்ணில் பூளை, மூக்கில் சளி அடைப்பு, வாய்ப்புண், பிறகு கழிச்சல், இரைப்பு. அசலூர் ஆடு வந்து ஒரு வாரத்துக்குள் பட்டி முழுக்க மூக்கொழுகினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது நம் தமிழ்நாட்டில்தான், 1987-ல், விழுப்புரம் பக்கம் அரசூரில். இதன் அண்ணன் மாதிரி ஒன்று இருந்தது: வெக்கை நோய் என்று பெரியவர்கள் சொல்வார்களே, மாட்டுக் கொள்ளை நோய். ஊர் ஊராக மாட்டைத் துடைத்துப் போட்டது அது. இந்தியாவில் கடைசியாக அது தென்பட்டது 1995-ல் வடாற்காட்டுப் பகுதியில். 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். ஊசியாலும் கட்டுக்காவலாலும் ஒரு நோயைப் பூண்டோடு ஒழிக்க முடிந்திருக்கிறது. "ஊசியெல்லாம் சும்மா" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சந்தைக்குப் போகும் முன்

வாங்கப் போகிற ஊரில் நோய் இருக்கிறதா என்று விற்கிறவரிடம் கேட்டு என்ன பயன்? அந்த ஊர்ப் பால் சொசைட்டியில் கேளுங்கள். கோமாரி வந்தால் முதலில் குறைவது பால், முதலில் தெரிவது பால் ஊற்றுகிற இடத்தில். "ரெண்டு மூணு நாளா வரத்து கம்மியா இருக்கே" என்று செயலாளர் இழுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். மாட்டாஸ்பத்திரியில் கேட்டாலும் சொல்வார்கள்.

முதல் மாட்டைச் சந்தையில் வாங்காமல் வீட்டில் போய் வாங்குவதுதான் என் அபிப்பிராயம். ஒரே வீடு, ஒரே தொழுவம், கூடக் கட்டியிருக்கிற மாடுகளையும் பார்த்துவிடலாம். திருமங்கலம் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையையோ, செவ்வாயும் வியாழனும் கூடுகிற பொள்ளாச்சி மாட்டுச் சந்தையையோ நான் குறை சொல்லவில்லை. ஆனால் பத்து மாவட்டத்து மூச்சு ஒரே இடத்தில் கலக்கிற இடம் சந்தை. வாங்கத் தெரிந்தவர்களே அங்கே தடுமாறுவார்கள்.

அப்படியும் போகிறீர்கள் என்றால், ஒரு காய்ச்சல் மானியை மடியில் கட்டிக்கொண்டு போங்கள். தரகர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஆசனவாயில் ஒரு நிமிஷம் வைத்தால் நல்ல மாட்டுக்கு 101, 102 டிகிரி காட்டும். 103-ஐத் தாண்டினால், வெயிலில் நடந்து வந்ததா, நோயா என்று நிழலில் கட்டி ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 104 என்றால் பேச்சே வேண்டாம். மூக்கு நுனி ஈரமாக இருக்க வேண்டும். அசை போட வேண்டும். குளம்பிடுக்கை விரலால் விலக்கிப் பாருங்கள். கழுத்திலிருந்து தொடை வரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கழலை கைக்குத் தெரியும். வாலடியில் கழிச்சல் கறை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டைக் குளிப்பாட்டிப் பளபளவென்று கொண்டுவந்திருந்தால் அந்தக் கறையைக் கழுவியிருக்கலாம். நீங்கள் வாங்கும் மாட்டை மட்டும் பார்க்காமல், அதே வண்டியில் வந்த மற்ற மாடுகளையும் பாருங்கள். ஒன்று எச்சில் வடித்தாலும் அந்த லோடு முழுக்க வேண்டாம்.

இன்னொரு சூட்சுமம், நான் காசு கொடுத்துக் கற்றது. கோமாரி வந்து தேறிய மாடுகளில் சிலவற்றுக்கு வெயில் தாங்காது. ரோமம் நீண்டு பரட்டையாக இருக்கும், உச்சி வெயிலில் நாய் மாதிரி இரைக்கும். ஆனால் சந்தை விடியற்காலையில் கூடுகிறது. ஐந்து மணிக் குளிரில் எந்த மாடும் இரைக்காது. வீட்டுக்கு வந்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் இரைப்பு தெரியும். அதற்குள் தரகர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். கோடைக்காலத்தில் கலப்பின மாட்டின் ரோமம் கரடி மாதிரி இருந்தால் விலகிவிடுங்கள்.

காதில் மஞ்சள் வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊரில் இதைத் தோடு என்பார்கள். அதில் 12 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கொடுத்தால், எப்போது ஊசி போட்டது என்று கால்நடை மருந்தகத்தில் பார்த்துச் சொல்ல முடியும். வில்லையை அறுத்த காது என்றால், ஏன் அறுத்தார்கள் என்று யோசியுங்கள்.

வண்டி

குட்டியானைக்காரரிடம் இதற்கு முன் என்ன ஏற்றினார் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஆடு, மாடு, பன்றி ஏற்றிய வண்டி என்றால் சாணத்தையும் பழைய வைக்கோலையும் முதலில் சுத்தமாக வழித்துக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் வேலை செய்யாது. அதன் பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்துப் பலகையிலும் டயரிலும் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். கோமாரி வைரஸுக்குக் காரமும் ஆகாது, புளிப்பும் ஆகாது. இரண்டையும் சேர்த்து ஊற்றினால் ஒன்றையொன்று முறித்துவிடும், ஏதாவது ஒன்று போதும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடு ஏறும் முன் பலகையை மறுபடி கழுவிவிடுங்கள்.

விற்கிறவர் கயிற்றோடுதான் கொடுப்பார், கயிற்றைக் கொடுக்காமல் விடுவது அபசகுனம் என்பார். சரி, வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் புதுக் கயிறு மாற்றி, பழையதை அடுப்பில் போடுங்கள்.

21 நாள்

இதுதான் இந்தக் கட்டுரை. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். புது மாடோ ஆடோ எது வந்தாலும் 21 நாள் தனியே. தோல் கழலை நோய் அக்கம்பக்கத்தில் இருக்கிற காலம் என்றால் 28 நாள்.

நான் இதைச் செய்யாமல் விட்ட கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில், ரெண்டாம் ஈத்து ஜெர்சிக் கலப்பு ஒன்றை வாங்கி வந்தேன். தனியாகக் கட்ட இடம் பார்த்து வைத்திருந்தேன், ஆனால் கூரை ஒழுகியது. ஒரு ராத்திரிதானே என்று மற்ற மூன்று மாட்டோடு வரிசையில் கட்டினேன். ஒரு ராத்திரி நாலு ராத்திரி ஆனது. ஐந்தாம் நாள் ராத்திரி தொழுவத்திலிருந்து சப், சப் என்று சத்தம். நாத்து தின்கிறது என்று புரண்டு படுத்தேன். தொட்டியில்தான் நாத்து இல்லையே என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போனால், புது மாடு வெறும் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு நிற்கிறது. கீழுதட்டிலிருந்து எச்சில் கயிறு மாதிரி தரை வரை தொங்குகிறது. பின்னங்காலை, எறும்பு ஏறின மாதிரி, உதறி உதறி வைக்கிறது. நாக்கை இழுத்துப் பார்த்தேன். வெந்நீரில் போட்ட தக்காளியில் தோல் உரியுமே, அப்படி உரிந்து கையோடு வந்தது.

அடுத்த வாரத்துக்குள் மூன்று மாட்டுக்கும் வந்துவிட்டது. ஒன்பது லிட்டர் கறந்தது ஒன்றரைக்கு இறங்கியது. இருபது நாள் கன்று ஒன்று தாயிடம் ஊட்டிவிட்டுத் திரும்பி நாலு எட்டு வைத்து விழுந்தது, எழவில்லை. எங்கள் வீட்டில் கறந்த கையோடு கறவைக்காரர் போன மூன்று வீட்டிலும் மறு வாரம் கோமாரி. அந்த மூன்று வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் என்னோடு பேசுகிறார்கள் என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

ஆக, தனிமைக்கு என்று ஓர் இடத்தை, மாடு வாங்கும் முன்பே, கூரையோடு தயார் செய்யுங்கள். ஏற்கனவே இருக்கிற தொழுவத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம். காற்று அங்கிருந்து இங்கே அடிக்காத திசையில். மூக்கும் மூக்கும் தொடக்கூடாது, மூத்திர வாய்க்கால் ஒன்றாகக்கூடாது, தண்ணீர்த் தொட்டி கண்டிப்பாக ஒன்றாகக்கூடாது. தனி வாளி, தனி அன்னக்கூடை, தனி விளக்குமாறு. எங்கள் வீட்டில் தனிமைத் தொழுவத்து வாளிகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறோம். அடிக்காவிட்டால் இரண்டாம் நாளே கலந்துவிடும், வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

வேலை வரிசை முக்கியம். முதலில் பழைய மாடுகளுக்குத் தீவனம், கறவை எல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் புதுசிடம் போக வேண்டும். திரும்பி வந்து பழையதைத் தொடக்கூடாது. தொட்டே ஆக வேண்டும் என்றால் குளித்து, உடை மாற்றி, செருப்பு மாற்றி. மழைக்கும் பனிக்கும் கூடுதல் கவனம் வேண்டும். ஈரக்காற்றில் கோமாரி வைரஸ் நெடுநேரம் பிழைக்கும், சித்திரை வெயில் வறட்சியில் சீக்கிரம் சாகும். ஐப்பசி முதல் மார்கழி வரை மாடு வாங்காமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் காலையும் மாலையும் காய்ச்சல், தீனி, சாணி, பால் நாலையும் எழுதுங்கள். பெரிய எழுத்து வேண்டாம், "101.5, நல்லாத் தின்னுது" என்றால் போதும். காய்ச்சல்தான் முதலில் ஏறும். கொப்பளம் அதற்குப் பிறகுதான். நோட்டு எழுதுகிறவருக்கு ஒரு நாள் முன்னதாகவே தெரிந்துவிடும்.

வந்த அன்றைக்கே ஊசி போட்டுவிட்டால் தனிமை தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஊசி உடம்பில் பிடிக்க இரண்டு வாரமாவது ஆகும். ஏற்கனவே உள்ளே போன வைரஸை அது ஒன்றும் செய்யாது.

வாசலுக்கு வருகிறவர்கள்

மாட்டைத் தனியே கட்டிவிட்டு மனிதர்களைத் திறந்துவிட்டால் பயனில்லை. பத்து வீட்டில் கறக்கிற கறவைக்காரர், சினை ஊசி போட வருகிறவர், எரு அள்ள வரும் டிராக்டர், "சும்மா பாத்துட்டுப் போறேன்" என்று நேராகச் சந்தையிலிருந்து வரும் வியாபாரி. யாரையும் வராதே என்று சொல்ல முடியாது, ஊரில் இருக்க வேண்டும் அல்லவா. படலுக்கு முன்னால் ஒரு பழைய சிமென்ட் தட்டில் சலவைச் சோடாத் தண்ணி வைத்து, ஒரு சோப்பையும் வாளியையும் வையுங்கள். "அண்ணே, காலக் கழுவிட்டு வாங்க" என்று நீங்களே முதலில் கழுவிக் காட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தட்டுத் தண்ணியைத் தினமும் மாற்ற வேண்டும். சாணி கலங்கிய தண்ணியில் கால் வைப்பது வெறும் சடங்கு.

அறுப்பு முடிந்ததும் பக்கத்து வயலில் கிடை போடுவார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து நடந்து வருகிற ஆடுகள், புலிக்குளம் மாடுகள். அந்த நாட்களில் உங்கள் ஆட்டை அந்தப் பக்கம் மேயவிடாதீர்கள். ஆனால் கிடைக்குத் தலைவரான கீதாரியை எதிரியாகப் பார்க்காதீர்கள். வழியில் எந்த ஊரில் ஆடு மூக்கொழுகுகிறது என்று அவரைவிட முன்னதாகத் தெரிந்தவர் கிடையாது. ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், சொல்வார்.

காளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று போய் அவிழ்த்துவிட்டு வந்த காளையும் தைமாதத்தில் புது மாடுதான். வந்ததும் பழைய இடத்தில் கட்டாமல் தனியே கட்டுங்கள்.

ஊசி

மத்திய அரசின் கோமாரித் தடுப்புத் திட்டம் 2019-லிருந்து நடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊருக்கே வந்து இலவசமாகப் போடுகிறார்கள். கன்றுக்கு 4 மாதம் ஆனதும் முதல் ஊசி, ஒரு மாதத்தில் இன்னொன்று, பிறகு வரிசையோடு. தண்டோரா கேட்டதும் மாட்டைத் தோட்டத்துக்கு ஓட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் பால் குறையும், கழுத்து வீங்கும் என்று பயம். குறைவது உண்மைதான். நான் இழந்ததை மேலே சொன்னேன், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிறைசினையாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆட்டுக்கொல்லிக்கு 4 மாதத்துக்கு மேற்பட்ட குட்டிக்கு ஒரு ஊசி, ஏறக்குறைய 3 ஆண்டு தாங்கும். தோல் கழலைக்கு நம் நாட்டில் ஆட்டம்மைத் தடுப்பூசியையே மாட்டுக்குப் போடுகிறார்கள், இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ் என்பதால். கிடாரிக் கன்றுக்கு 4 மாதத்திலிருந்து 8 மாதத்துக்குள் கன்றுவீச்சு நோய்க்கு (சினை கலைந்து கன்றை வீசும் நோய்) ஒரே ஒரு ஊசி உண்டு. தவறவிட்டால் பிறகு போட மாட்டார்கள். அந்த நோய் மனிதனுக்கும் தொற்றும். எனவே வீசிய கன்றை வெறுங்கையால் தொடாதீர்கள், பச்சைப் பால் குடிக்காதீர்கள். கோழிக்காரர்களுக்கு, ராணிக்கெட் என்கிற கோழிக் கழிச்சல் நோய்க்கு ஊசி உண்டு. சிலர் அது ராணிப்பேட்டையில் கண்டுபிடித்த நோய் என்று நினைக்கிறார்கள். ராணிக்கெட் இமயமலைப் பக்கத்து ஊர். ராணிப்பேட்டையில் இருப்பது 1932-லிருந்து தடுப்பு மருந்து செய்கிற நிலையம்.

வந்துவிட்டால்

சந்தேகம் வந்த அந்த மணி நேரத்திலேயே கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் செய்யுங்கள், அல்லது உங்கள் கால்நடை மருந்தகத்துக்கு. நல்லெண்ணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தொற்று நோய் என்று சந்தேகப்பட்டால் தெரிவிப்பதும், நோய் மாட்டைப் பிரித்து வைப்பதும் 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டப்படி வளர்ப்பவரின் கடமை. தொழுவத்தை விட்டு எதையும் வெளியே விடாதீர்கள்: மாடு, கன்று, சாணி, மிச்சத் தீவனம் எதையும். பொதுத் தொட்டிக்கும் கண்மாய்க்கும் ஓட்டாதீர்கள். அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கு நீங்களே போனில் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்குப் பிறர் வாயால் தெரிவதுதான் வெட்கம்.

கோமாரிக்கு வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. புண்ணை ஆற்றி, மேல்தொற்று வராமல் காப்பதுதான் வைத்தியம். வாயைக் கழுவ ஒரு லிட்டருக்கு 20 கிராம் ஆப்ப சோடா. கவனம்: வாய்க்கு ஆப்ப சோடா, தரைக்குச் சலவைச் சோடா. மாறினால் மாட்டின் வாய் வெந்துவிடும். ஊறவைத்த சீரகம், வெந்தயம், மிளகோடு மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் சேர்த்து அரைத்து நாக்கில் தடவச் சொல்லிக் கால்நடைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. என் மாடுகள் அதை நக்கி நக்கித் தின்றன. கஞ்சி ஆற்றிக் கொடுங்கள். குளம்புப் புண்ணில் புழு வைக்காமல் பாருங்கள், தரை காய்ந்திருக்கட்டும். கன்றைத் தாயிடம் விடாமல், பாலைக் காய்ச்சி ஆற்றிப் புகட்டுங்கள். காய்ச்சிய பாலை மனிதர்கள் குடிப்பதில் பயமில்லை.

எது சந்தேகமென்றாலும் திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள், நோய் வரும் முன்பே.

இனி, என் மனசில் உறுத்துகிற விஷயம். எனக்கு அந்தக் கோமாரி வந்த மறுநாள் காலை ஒரு தரகர் போன் செய்தார். எப்படித்தான் தெரிந்ததோ.

"அண்ணே, மிச்ச மூணையும் இப்பவே தள்ளிவிட்ருங்க. நாளைக்கு வாயில புண்ணு தெரிஞ்சா பாதி விலை தேறாது. கேரளா லோடு ஒண்ணு ராத்திரி போகுது."

அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது, என்னிடம் வந்த மாடும் இப்படி யாரோ தள்ளிவிட்டதுதான் என்று. காய்ச்சல் மட்டும் இருந்து கொப்பளம் தெரியாத அந்த ஓரிரு நாளில்தான் மாடு சந்தைக்குப் போகிறது. அந்த ஓரிரு நாளில்தான் அது பாலிலும் மூச்சிலும் வைரஸைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. நான் விற்கவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, கையில் கொஞ்சம் பணம் இருந்தது. ஆகவே புதியவர்களுக்கு ஒரு யோசனை: இரண்டு மாதத் தீவனச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாடு வாங்குங்கள். கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது யாராலும் விற்காமல் இருக்க முடியாது.

செத்துவிட்டால்

எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், அறுக்க யாருக்கும் கொடுக்காதீர்கள். மனிதனையும் கொல்லும் நோய் அது. உடம்பைத் திறந்தால் அதன் வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். டாக்டர் வந்து பார்க்கும் வரை நாய், காக்கை அண்டாமல் மூடி வையுங்கள். வேறு நோயில் செத்ததையும் கண்மாய்க் கரையிலோ ஓடையிலோ வீசாமல், ஆறடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

பன்றி வளர்ப்பவர்களுக்கு

ஹோட்டல் மிச்சத்தை வாங்கிப் பன்றிக்குப் போடுவது மதுரையில் சகஜம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அசாம் பக்கம் நுழைந்து, 2022-ல் வயநாட்டுக்கு வந்துவிட்டது. மனிதனுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பட்டியில் நுழைந்தால் மிச்சம் வைக்காது. இறைச்சிக் கழிவு கலந்த மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் போடாதீர்கள். போடாமலே இருப்பது இன்னும் நல்லது.

எல்லை தாண்டிக் கொண்டுபோவதென்றால்

உறவுக்காரர் கட்டப்பனையில் இருக்கிறார், ஒரு கறவை கேட்கிறார் என்று நீங்களே கொண்டுபோக நேரலாம். ஏற்றும் முன் அரசுக் கால்நடை மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்றும், ஊசி போட்டதற்கான சான்றும் வாங்குங்கள். சான்றில் இருக்கும் வில்லை எண்ணும் காதில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று வீட்டிலேயே சரிபாருங்கள். ஓர் எண் மாறினாலும் மலையில் வண்டியைத் திருப்ப வேண்டியிருக்கும். எங்காவது நோய் கிளம்பிக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்திருந்தால் அந்தப் பகுதியிலிருந்து வெளியே ஓட்டத் தடை இருக்கும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆலப்புழைப் பக்கம் வாத்துக்குப் பறவைக் காய்ச்சல் வரும்போதெல்லாம் சாவடியில் கோழி வண்டிக்கும் டயருக்கும் மருந்தடிப்பார்கள். காத்திருங்கள், முணுமுணுக்க வேண்டாம்.

மாட்டை இறக்கிவிட்ட பிறகு, காலி வண்டி. டிரைவருக்கு வீடு போய்ச் சேர வேண்டும், உங்களுக்கும் தூக்கம். கம்பத்தில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, திரும்புகாலில் யாராவது ஆடு ஏற்றச் சொன்னால் வாடகை மிச்சம் என்று தோன்றும். ஏற்றாதீர்கள். மலையடிவாரம் தாண்டியதும் ஒரு வாட்டர் சர்வீஸில் நிறுத்தி, பலகை, பக்கவாட்டு, டயர், மிதியடி எல்லாவற்றையும் கழுவச் சொல்லுங்கள். கையோடு கொண்டுபோன சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றிவிட்டு, பத்து நிமிஷம் அங்கேயே நின்று ஒரு டீ குடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் வண்டியைத் தொழுவத்துப் பக்கம் விடாமல் ரோட்டிலேயே நிறுத்துங்கள். மாடு கத்தும், உங்களைப் பார்த்ததும் தவிட்டுத் தண்ணிக்குக் கத்தும். குளித்துவிட்டுப் போங்கள்.